ஆவணியில் பூட்டிய தண்ணீர்

என்ரை ஆசை அண்ணைக்கு,

நீங்கள் போன பிறகு வருகிற இரண்டாவது மாரி இது. கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் இருந்து எழுதுகிறேன். படிப்பிக்க வந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஐப்பசி முடிவில் சண்டை நெருங்க, நல்லூர் வீட்டைப் பூட்டிவிட்டு, ஊரோடு ஊராக மழையில் நடந்து வந்தோம். கரும்பலகைக்குக் கீழே எங்கள் சட்டி பானை. பிள்ளைகள் இருந்து படிக்கிற வாங்குகளைச் சேர்த்துப் போட்டால் படுக்கை.

உங்களிடம் சொல்ல வேண்டியது இந்தக் கஷ்டத்தை அல்ல. உங்கள் முகத்துவாரத்தைப் பற்றி ஒரு சேதி இருக்கிறது. ஒரு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தேன்.

கடலும் ஏரியும் சந்திக்கிற அந்த வாயையும், உப்புத் தண்ணீரில் வேர்விட்டு நிற்கிற பக்கத்துக் கண்ணாக்காட்டையும் ஆராய்ச்சிக்கென்று அரசாங்கம் ஒதுக்கி ஒரு பலகை நட்டது. எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு அதிகாரிகள் வரவில்லை. பலகை மட்டும் நின்றது. விலங்கியல் படிப்பித்த நீங்கள் அந்தப் பலகைக்குத் துணையாக நின்றீர்கள். மீன்பிடிச் சங்கத்தோடு கதைத்து, ஒவ்வொரு ஆவணியிலும் முகத்துவார வாய்க்காலின் இரு பக்கமும் சிவப்புத் துணி கட்டிய தடிகளை நட்டீர்கள். தடிகளுக்கு நடுவில் ஒருவரும் வலை போடுவதில்லை. ‘பூட்டுத் தண்ணி’ என்று அந்த ஊரார் அதற்குப் பெயரும் வைத்தார்கள்.

எவ்வளவு பெருமை உங்களுக்கு! “கேக்க ஆளில்லாத காலத்திலை ஒரு ஊர் சட்டம் காக்குது, பாத்தியே தங்கச்சி?” என்று கரையில் நின்று சொல்வீர்கள். நான் உப்பு அளக்கிற கண்ணாடி மிதவையைக் கழுவிக்கொண்டே தலையாட்டுவேன். பூமிசாஸ்திர ரீச்சருக்கு அதற்கு மேல் என்ன தெரியும்?

நீங்கள் பள்ளிக்கூட வேலையால் இளைப்பாறுவதற்குக் கொஞ்சம் முன்னால் நெஞ்சு நோவு வந்தது. உங்கள் படத்துக்கு மாலை போட்ட கையோடு நான் இளைப்பாறினேன். அப்போது சங்கத் தலைவர் சவிரி அண்ணை வீட்டுக்கு வந்தார். “மாஸ்ரர் இல்லை. இனியும் இந்தப் பூட்டு வேணுமோ? பயன் இருக்கோ இல்லையோ எண்டு நீங்கள்தான் ரீச்சர் பாத்துச் சொல்லவேணும்” என்றார். நான் ஓம் என்றேன்.

அந்தக் கார்த்திகையில் சைக்கிளை உழக்கிக்கொண்டு போனேன். யோசித்துப் பாருங்கள் அண்ணை, கார்த்திகையில் நாங்கள் அங்கே போனதே இல்லை. கார்த்திகையில் பரீட்சைத் தாள் திருத்துவோம். நாங்கள் போனதெல்லாம் சித்திரை, ஆவணி, மார்கழி. பள்ளிக்கூட விடுமுறை எப்போதோ அப்போதுதான் எங்களுக்குத் தண்ணீர்.

மழைவெள்ளம் ஏரியில் ஏறி, வாயை அடைத்திருந்த மணல்திட்டை ஊரார் வெட்டிவிட்ட சமயம் அது. ஏரித் தண்ணீர் கடலுக்குள் பாய்ந்து முடிந்து, வற்று மாறிப் பெருக்கோடு கடல் உள்ளே ஏறியது. அதோடு இறால் குஞ்சுகள் வந்தன. உடம்பு கண்ணாடி, கண் மட்டும் கடுகு. கை நிறையத் தண்ணீர் அள்ளினால் கையெல்லாம் துடிப்பு. அவை கண்ணா வேர்களுக்குள் போய் வளரப் போகிற குஞ்சுகள். வாய்க்காலில் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று, கட்டிலுக்குக் கட்டுகிற நுளம்புவலைத் துண்டுகளால் அவற்றை வடித்துக்கொண்டிருந்தார்கள். காயவைத்தால் கூனி.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு உதாரணம் சொல்கிறேன், கோவிக்காதீர்கள். ஒரு கல்வி அதிகாரி விடுமுறை நாளில் மட்டும் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார். சத்தமில்லை, சண்டையில்லை, வகுப்பெல்லாம் சுத்தம். ‘ஒழுக்கம் மிகத் திறம்’ என்று எழுதிவிட்டு வருகிறார். நாங்கள் அந்த அதிகாரிதான், அண்ணை. குஞ்சு வராத மாதத்தில் தண்ணீரைப் பூட்டி, வருகிற மாதத்தில் திறந்து விட்டிருக்கிறோம்.

சவிரி அண்ணையிடம், “ஆவணியிலை ஒருத்தரும் ஏன் மீறேல்லை?” என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

“நல்லூர்க் கொடி ஏறினால் உங்கடை சைவ ஆக்கள் மீன் பக்கம் திரும்பமாட்டினம். பிடிச்சு ஆருக்கு விக்கிறது? மாஸ்ரர் பூட்டச் சொன்னார், பூட்டினனாங்கள். அவருக்கும் சந்தோசம், எங்களுக்கும் லீவு.”

அந்தத் திருவிழாக் காலத்தில் நீங்களும் நானும் மரக்கறிச் சாப்பாடு கட்டிக்கொண்டுதானே அங்கே போனோம்? அது ஏன் எங்கள் தலைக்குள் ஏறவில்லை?

தை மாதம், மாதா கோயிலடிச் சங்கக் கொட்டகையில் கூட்டம் வைத்தார்கள். சண்டையை நிறுத்தி அரசாங்கத்தோடு பேச்சுவார்த்தை நடந்த நாட்கள் என்பதால் எல்லோர் முகத்திலும் கொஞ்சம் வெளிச்சம். ஆவணிப் பூட்டால் பயனில்லை, மணல் வெட்டின நாளிலிருந்து அடுத்த பறுவ நிலவு வரை பூட்ட வேண்டும் என்று சொன்னேன். உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்வது போல இருந்தது. விதைநெல்லை அவித்துத் தின்னலாமோ என்று ஒரு உதாரணமும் சொன்னேன்.

றோசலின் எழும்பினாள். வாய்க்காலில் கூனி வடித்த பெண்களில் அவளும் ஒருத்தி. கடற்படையின் கடல்வலயத் தடையால் புருஷன் ஆழக்கடலுக்குப் போக வழியில்லை. மாரியில் அந்த வீட்டுக்குக் கூனிதான் அரிசி.

“விதைநெல்லெண்டு தெரிஞ்சாலும் பசிக்கிற பிள்ளைக்கு அது சோறுதான், ரீச்சர். மாஸ்ரர் ஆவணியிலை தண்ணியைப் பூட்டினார். நீங்கள் கார்த்திகையிலை என்ரை அடுப்பைப் பூட்டப் போறியள்.”

பின்னால் இருந்து ஒருவர், “ரீச்சரிட்டைப் பென்சன் இருக்கு, பூட்டுவா” என்றார். கொட்டகை சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. குஞ்சைப் பற்றி நான் சொன்னது சரி. பசியைப் பற்றி அவள் சொன்னதும் சரி. நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

நீண்ட நேரம் கதைத்தார்கள். கடைசியில் சவிரி அண்ணை ஒரு வழி சொன்னார். பூட்டிய நாட்களில், ஏரிக்குள் தடி நட்டுக் களங்கண்டி வலை அடைக்கிறவர்கள் தங்கள் மீனில் ஒரு பங்கைக் கூனி வடிக்கிற வீடுகளுக்குக் கொடுக்க வேண்டும். முணுமுணுத்துக்கொண்டு ஒத்துக்கொண்டார்கள். றோசலின் மட்டும் கை உயர்த்தவில்லை.

“ஒரு மாரிக்குத்தான்” என்றாள். “பங்கு வீட்டை வந்து சேருதோ, பிள்ளையள் சாப்பிடுதுகளோ எண்டு நான் பாப்பன். அது முடிய, சரியோ பிழையோ நான் சொல்லுவன். நீங்கள் கேட்டு எழுதுங்கோ.”

அந்த ஒரு மாரி இந்த மாரிதான், அண்ணை.

தடி வெட்டிச் சீவி வைத்திருந்தார்கள். சிவப்புத் துணி நான் கிழித்துக் கொடுத்தேன். கார்த்திகை பிறக்க முன் ஊரே எழும்பி வந்துவிட்டது. மணலை வெட்ட ஆளில்லை. வெள்ளம் தானே உடைத்திருக்கும். குஞ்சுகள் வந்திருக்கும். ஒரு வலையும் இறங்கியிருக்காது. நாங்கள் கேட்டதற்கு மேலாகவே தண்ணீர் பூட்டிக் கிடக்கிறது.

றோசலின் பக்கத்து வகுப்பறையில் இருக்கிறாள். சின்னவனுக்குக் காய்ச்சல் இப்போது பரவாயில்லை. நேற்று நிவாரண வரிசையில் சவிரி அண்ணையும் எங்களோடு நின்றார். என் முகத்தைப் பார்த்துத் தேற்ற நினைத்தார் போலும்.

“ரீச்சர், இப்ப அங்கை இறால் கொள்ளையாக் கிடக்கும். திரும்பிப் போய்ப் பாத்தால், பூட்டினது திறம் எண்டு நீங்கள் நிரூபிச்சிடலாம்.”

“ஓம் ஓம்” என்றாள் றோசலின். “ஆக்களையும் சேத்துத் துரத்தினால் மீன் பெருகும்தான். அதையும் எழுதுங்கோ.”

வரிசை நகர்ந்தது. அவளுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

நாங்கள் திரும்பிப் போகும்போது அந்த ஏரி இறாலும் திரளி மீனுமாகத் துள்ளலாம். அதைப் பார்க்க உங்களுக்கு எவ்வளவு ஆசையாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதை எங்கள் பராமரிப்பின் பயன் என்று ஒருநாளும் எழுதமாட்டேன். வெறும் வகுப்பறையின் அமைதிக்கு இன்னொரு தரம் புள்ளி போட என்னால் ஏலாது. ஆட்கள் வீடு திரும்பி, அடுப்புகள் எரிந்து, களங்கண்டி மீனின் பங்கு றோசலினின் சட்டிக்குள் விழுந்த பிறகு வருகிற ஒரு கார்த்திகையைத்தான் கணக்கில் எடுப்பேன். அந்த மாரி முடிய முதலில் அவளிடம் போவேன். அவள் பிழை என்றால், பிழை என்றே எழுதுவேன். எழுதி, கீழே என் பெயரோடு உங்கள் பெயரையும் போடுவேன். உங்களுக்கு அது சம்மதம்தானே?

சரியிலும் பிழையிலும் உங்களோடு கரையில் நின்ற,
தங்கச்சி