அக்கா கடைசியாகச் சொன்னது

மார்ச் 3, செவ்வாய்

தம்பி வேலை செய்யும் கப்பல் கடத்தப்பட்டு இன்றோடு நாற்பத்தொரு நாள். கம்பெனி அதிகாரியிடம் அதே பல்லவி: "பேச்சுவார்த்தை நடக்குதும்மா." அவன் உயிரோடு இருக்கிறானா என்று கேட்டால் மட்டும் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுகிறார். கல்லில் நார் உரித்துவிடலாம், இந்த மனிதரிடம் ஒரு பதில் வாங்க முடியாது.

மார்ச் 5

கண்ணாடிக் கடையில் இரண்டு லென்ஸைத் தப்பாக அரைத்துவிட்டேன். முதலாளி வேறு இரண்டை எடுத்து முன்னால் வைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 9, திங்கள்

தம்பி மட்டுமே பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியைத் தர வேண்டுமாம், அதிகாரி சொன்னார். சரியான பதிலை முன்கூட்டியே எழுதி உறையில் ஒட்டிக் கொடுக்க வேண்டும். அங்கிருந்து வருவது பொருந்தினால் ஆள் இருக்கிறான். "அப்பதான் மேல பேசுவோம்."

தம்பி மனைவி சொன்ன கல்யாண நாள், பிள்ளையின் செல்லப்பெயர், எல்லாவற்றையும் தள்ளிவிட்டார். "இதெல்லாம் அவர் போன்லயே இருக்கும். போன் அவங்க கையில."

அவள் அழுதுவிட்டாள். "அண்ணி, நீங்களாவது யோசிங்க."

போனில் இல்லாதது ஒன்று இருக்கிறது. நானும் தம்பியும்தான் இரண்டு வருடமாகப் பேசிக்கொள்வதே இல்லையே.

மார்ச் 10

கேள்வி: அக்கா உன்னிடம் கடைசியாக என்ன சொன்னாள்?

உறைக்குள்: "இனி என் வீட்டுக்கு வராதே."

அப்படித்தான் எழுதினேன். தம்பி மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள் — வேறெப்படி எழுதுவேன்?

மார்ச் 16

கிணற்றில் போட்ட கல்.

மார்ச் 19

பதில் வந்தது. பொருந்தவில்லையாம்.

அதிகாரி படித்தார்: "அப்பாவுக்குப் பதிலா நீ செத்திருக்கலாம்னு சொன்னா." காகிதத்தை மடித்தார். "மன்னிச்சுக்கங்கம்மா. யாரோ அடிச்சு விட்டிருக்காங்க."

"இல்ல சார், அவன்தான்! அதைத்தான் சொன்னேன்!"

"உறையில வேற இருக்கே?"

"வெட்கத்துல மாத்தி எழுதிட்டேன்."

"பதில் வந்தப்புறம் ஆமான்னா யார் நம்புவாங்க? எது வந்திருந்தாலும் ஆமான்னுதான் சொல்லுவீங்க."

நியாயம்தானே! என்னையே கேட்டுக்கொண்டேன்: ஏன்டி பொய் எழுதினே? உயிர் பெரிசா, உன் மானம் பெரிசா?

படியிறங்கும்போது தம்பி மனைவி கேட்டாள். "நிஜமாவே சொன்னீங்களா? அவர் எங்கிட்ட சொன்னதே இல்ல."

மார்ச் 20

அலமாரியைக் கவிழ்த்துப் பழைய நாட்குறிப்பை எடுத்தேன். அப்பா போய் ஒன்றரை மாதம் கழித்து அவன் கப்பலிலிருந்து வந்து நின்ற நாள். அந்த வார்த்தை அப்படியே இருக்கிறது. கீழே ஒரு பக்கம் முழுக்க, அவனைப் பற்றி வாய்விட்டுச் சொல்லாமல் எழுதிவைத்த இன்னும் மோசமானவை. தேவையானதை மட்டும் கிழித்துக்கொண்டு போகலாமா? கிழித்த தாளை அவர் எப்படி நம்புவார்? நேற்று எழுதியது என்பார். முழு நோட்டும் போக வேண்டியதுதான்.

மார்ச் 21

அதிகாரி நோட்டை முன்னும் பின்னும் புரட்டினார். அப்பாவின் மருந்து வேளைகள், குழாய் ரிப்பேர், யார் யார் மேல் எனக்கு எரிச்சல் — அத்தனையும். பிறகு நோட்டைத் தம்பி மனைவியிடம் நீட்டினார். அவள் நிதானமாக, ஒரு வரி விடாமல் படித்தாள்.

அவர் போனை எடுத்தார். "ஆள் இருக்கார். உறுதி. மேல பேசலாம்."

அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். என் பக்கம் திரும்பவில்லை.

ஏப்ரல் 2

தம்பியோடு அரை நிமிடம் பேசவிட்டார்கள். அவள் பேசிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனை என்னிடம் நீட்டினாள்.

"அக்கா, சாப்டியா?" கடத்தினவன் பிடியில் இருந்துகொண்டு கேட்கிற கேள்வியைப் பார்! நான் வாயைத் திறப்பதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது.

ஏப்ரல் 27

இன்னும் "நடக்குதும்மா"தான்.

மே 16, சனி

தம்பி மனைவி கூப்பிட்டாள். "அவரை விட்டுட்டாங்க. ஏழு மணிக்கு அவர் விமானம் இறங்குது. நான் கிளம்பறேன். நீங்களும் வாங்க அண்ணி."

ஐம்பத்தாறு நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. "வரேம்மா" என்று சொல்லும்போதே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன்.