சத்தமில்லாத நாளில் எடுத்த பேஸ் பிடில்

என் அன்பான மிக்கேலம்மா மதினிக்கு,

அங்கே காது நன்றாகக் கேட்கிறதா? இங்கே இருந்தபோது நான் எதைச் சொன்னாலும் "என்னது?" என்று இரண்டு தரம் கேட்பீர்கள். அதனால் இந்தக் கடிதத்தை உங்கள் வருஷப் பூசை முடிந்து, வீட்டில் எல்லாரும் செபத்துக்கு உட்காரும்போது நானே உரக்க வாசிக்கப் போகிறேன். உங்களுக்கு எழுத்து தெரியாது. எனக்கு மடத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை கிடைத்தது. கொழும்பிலிருந்து உங்கள் தம்பி எழுதியதையெல்லாம் நான்தானே வாசித்துக் காட்டினேன்? இதையும் அப்படியே கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் மகனும் என் மகளும் பெற்ற நம் பேரன் இஞ்ஞாசிக்கு வாத்தியம் வாங்கியாகிவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் தவிக்க வேண்டாம். உங்கள் காதிலிருந்து கழற்றிக் கொடுத்த பாம்படத்தை விற்ற காசுதான் அது. ஆள் உயரத்துக்கு மேலாக, சாமியார் அங்கி மாதிரி கறுப்பாக, இப்போது உங்கள் அறையில் நிற்கிறது. உங்கள் கட்டில் இருந்த மூலையில்.

கறுப்பு என்றதும் முகம் சுளிக்கிறீர்களா? கதையை முழுசாகக் கேளுங்கள், மதினி.

கோவில் மேல்மாடத்தில் நின்று பாட்டுக்கெல்லாம் அடிக்குரல் கொடுத்த பழைய பேஸ் பிடிலைக் கறையான் தின்றுவிட்ட செய்தி உங்களுக்குத் தெரியும். கடைசிப் படுக்கையில் பாம்படத்தை இஞ்ஞாசி கையில் வைத்து நீங்கள் சொன்ன வார்த்தையும் எனக்கு மறக்கவில்லை. "கோவிலுக்கு ஆகிற வாத்தியம் வாங்குல." அவ்வளவுதான் சொன்னீர்கள். பையன் தலையாட்டினான். ஆனால் அவன் கோவிலில் மட்டுமா வாசிக்கிறான்? பகலில் கப்பல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறான். ஞாயிற்றுக்கிழமை பூசையில் வில் போட்டு இழுக்கிறான். கலியாண வீட்டில் விரலால் சுண்டுகிறான். கிளப்பில் ஆட்டம் நடந்தால் அங்கேயும் கூப்பிடுகிறார்கள், நாடகக்காரர்களும் கூப்பிடுகிறார்கள். நாலு இடத்துக்கும் ஒரே ஆள். வாத்தியமும் ஒன்றுதான் வாங்க முடியும்.

மில் இன்ஜினீயர் துரை ஊருக்குப் போய்விட்டார். வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராய்க் கிளம்புகிறார்கள். துரைசானி மட்டும் சாமான்களை விற்றுக்கொண்டு கடற்கரை பங்களாவில் இருந்தாள். துரை இரண்டு பேஸ் பிடில் வைத்திருந்தார். இரண்டும் ஒசத்தி. நம் ஊரில் அப்படி ஒன்றைக்கூட யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். ஒன்று சிவப்பு, ஜெர்மனியில் முழு மரத்தைச் செதுக்கிச் செய்தது. மற்றது கறுப்பு, மெல்லிய பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்தது. கொழும்புக்காரர் ஒருவர் இரண்டையும் கேட்டிருந்தாராம். பெரிய வியாழன் அன்று அவரிடமிருந்து தந்தி வந்தது, ஒன்று போதும் என்று. துரைசானி உடனே இஞ்ஞாசிக்கு ஆள் அனுப்பினாள். "எது வேண்டுமோ நீ எடு. மிச்சம் சனிக்கிழமை விடியக்காலம் என்னோடு கப்பல் ஏறும்." விலை இரண்டுக்கும் ஒன்றே.

அது என்ன நாள் என்று பார்த்தீர்களா? வியாழக்கிழமை காலைப் பூசையில் கோவில் மணி வாயை மூடிவிட்டது. இனிச் சனிக்கிழமை காலைப் பூசையில்தான் அது திறக்கும். அதுவரை மணிக்குப் பதில் மரக்கட்டை. ஆண்டவர் பாடுபட்டு இறந்த நாட்கள், எந்த வாத்தியமும் தொடக்கூடாது. கப்பலோ மணி அடிப்பதற்கு முன்னால் போய்விடும். வாசித்துப் பார்க்காமல் வாத்தியம் எடுக்க வேண்டும்.

"ஒரே ஒரு தரம் இழுத்துப் பாக்கேன் ஆச்சி. கதவைச் சாத்திட்டா யாருக்குக் கேக்கும்?" என்றான்.

"போய்ச் சேர்ந்த உங்க ஆச்சிக்குக் கேக்கும்ல," என்றேன்.

பெரிய வெள்ளிக்கிழமையில் கிணற்று ராட்டினம் கிரீச்சிடக்கூடாது என்று அச்சில் துணி சுற்றி வைப்பவர் நீங்கள். அந்த நாளில் நான் உலையில் அரிசி போடுகிற சத்தத்துக்கே எதிர்வீட்டிலிருந்து எட்டிப் பார்ப்பீர்கள். உங்கள் காசில் வாங்குகிற பிடிலை அன்றைக்கே அலறவிட எனக்கு என்ன கிறுக்கா?

வெள்ளிக்கிழமை காலை இரண்டையும் வெள்ளைத் துப்பட்டியில் சுற்றி ஆட்கள் தலையில் தூக்கி வந்தார்கள். சனிக்கிழமை விடியும் வரை வைத்துப் பார்த்துக்கொள்ள துரைசானி சம்மதித்திருந்தாள். அந்த நாளில், அந்த நீளத்தில், அந்த வெள்ளைத் துணியில் பார்த்தால் எப்படி இருக்கும்? தெருவே எழுந்து நின்றது. வெற்றிலைக் கடைச் சவரிமுத்து அண்ணாச்சி தலைப்பாகையைக் கழற்றி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஏலே, எந்த வீட்டுலல? அதுவும் ரெண்டா?"

"சாவு இல்ல அண்ணாச்சி, பிடிலு."

"அதும் செத்துப்போச்சா?"

"நாளைக்குக் காலைல உயிர்த்திரும்," என்றான் இஞ்ஞாசி. அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று என்ன நாள் என்று நினைத்துத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

உங்கள் வீட்டுக் கூடத்தில் இஞ்ஞாசி இரண்டையும் சுவரோரம் சாய்த்து வைத்தான். தொட்டுப் பார்த்தான், தோளில் அணைத்துப் பார்த்தான், தந்தியில் விரல் படாமல் கழுத்தில் கையை ஓட்டிப் பார்த்தான். சிவப்பைத் தொட்டவன் கையை எடுக்கவே இல்லை. அதன் முதுகில் மரத்தின் ரேகை அலையலையாக ஓடியது. அப்படி அழகு.

"மனசு சிவப்புலதான் கெடக்கு ஆச்சி. பொழப்பு கறுப்புல இருக்கு," என்றான். சிவப்பில் வில் போட்டால் வெண்ணெயாக வழுக்குமாம், பூசைக்கு அதைப்போல் கிடையாதாம். ஆனால் நம் உப்புக்காற்றில் ஒட்டு விடுமாம், பந்தல் வெயிலில் வெடிக்குமாம், கலியாண இரைச்சலில் சுண்டினால் முன்வரிசைக்குக்கூடக் கேட்காதாம். கறுப்பு எங்கே தூக்கிப்போனாலும் தாங்கும். சத்தமும் வரும். "ஆனா வில்லு போட்டா எப்படி இருக்கும்? அதான் தெரியல. பெட்டியத் தட்டுன மாதிரி இருந்துச்சுன்னா கோவில்ல நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்?"

உங்கள் மகன் கஸ்பார் கேட்டுக்கொண்டே இருந்தார். என் மருமகன் என்பதற்காகச் சொல்லவில்லை, அவர் தோணியில் தண்டலாக நின்று ஒரு சத்தம் கொடுத்தால் கரை வரை வருமே, அந்தக் குரலை அடக்கிக்கொண்டு பேசினார்.

"இது எங்கம்மா காது நகை. கோவிலுக்குன்னு குடுத்தது. கிளப்புல வெள்ளைக்காரன் ஆடுததுக்குக் குடுக்கல. சிவப்பத்தான் எடுக்கணும்."

"வெள்ளைக்காரன்தான் போயாச்சேப்பா. இப்ப நம்ம ஆளுகல்லா ஆடுதாங்க."

"அது அதைவிட மோசம்ல!"

எனக்கு இரண்டு பக்கமும் நியாயமாகத்தான் பட்டது. என் பேரன் பிழைக்க வேண்டும். அதே நேரம் உங்கள் வார்த்தை. இறந்தவரிடம் போய், "மதினி, கோவிலுக்கு என்றால் கோவிலுக்கு மட்டுமா?" என்று யார் கேட்டு வருவது? தப்பாக எடுத்துவிட்டால் திருப்பிக் கொடுக்க முடியாது. கப்பல் போய்விடும். நான் பாட்டுக்கு முழங்காலில் நின்று ஒரு அருள்நிறைந்த மந்திரம் சொன்னேன். பதில் ஒன்றும் வரவில்லை.

பொழுது சாய, வழக்கம்போல நம் தெருவுப் பெண்கள் ஆண்டவர் சாவுக்கு ஒப்பாரி வைக்க வந்தார்கள். மனுஷக் குரலுக்கு அன்று தடை இல்லையே. வருஷா வருஷம் அதை எடுத்துப் பாடுவது நீங்கள். இந்த வருஷம் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கூடத்தில் இடம் இல்லை. நான் இரண்டு பிடிலுக்கும் நடுவில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தேன்.

தேவதாய் அழுகிற அடியை எடுத்தோம். சற்று நேரத்தில் என் தோளில் ஏதோ ஊர்ந்தது. எறும்பு என்று நினைத்துத் தட்டினேன். எறும்பு இல்லை. சாய்ந்திருந்த பலகை அதிர்ந்தது.

"ஏலே இஞ்ஞாசி, என்னல செய்த?"

"நான் தொடவே இல்ல ஆச்சி. நீங்க பாடுதீங்க, அது முனங்குது." அவன் கண் அப்படி விரிந்து நான் பார்த்ததில்லை. "பாடுங்க, பாடுங்க, நிறுத்தாதீங்க!"

"முனங்குததும் சத்தந்தாம்ல," என்றார் கஸ்பார்.

"முனங்குனா பாவம்னா நம்ம வீட்டுப் பூனையையும் பாவசங்கீர்த்தனத்துக்குக் கூட்டிட்டுப் போவணும்," என்றேன். பெண்கள் முந்தானைக்குள் சிரித்தார்கள். மன்னியுங்கள் மதினி, அந்த நாளில் சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

பிறகு நான் இரண்டு கையையும் இரண்டு பிடில்மேலும் வைத்துக்கொண்டு பாடினேன். கஸ்பார் கீழ்க்குரலில் சேர்ந்தபோது சிவப்பு பூனைக்குட்டியாகச் சிலிர்த்தது. ஒரு இடத்தில் அப்படி நடுங்கியது, காய்ச்சல்காரன் கை மாதிரி. எனக்கே கண் கலங்கியது. அடுத்த சுரத்துக்கு ஏறினோம், அது ஊமை. கிழவிகள் குரல் பிசிறியபோதும் ஊமை. கறுப்பு அப்படிச் சிலிர்க்கவில்லை. யார் பாடினாலும் கொஞ்சம் கொஞ்சம் முனகிக்கொண்டே இருந்தது.

அப்படியே அந்த இடம் வந்தது. மகனை மடியில் கிடத்துகிற அடி. நீங்கள் மேலே ஏறி, சுருதியைத் தவறவிட்டு, அதைப்பற்றிக் கொஞ்சமும் கவலைப்படாமல் தெருமுனை வரை கேட்கப் பாடுவீர்களே, அந்த அடி. கோவிலில் பாட்டு மாஸ்டர் "மிக்கேலம்மா, கொஞ்சம் மெதுவா" என்று கெஞ்சின குரல். எல்லாரும் அங்கே வந்து நின்றுவிட்டார்கள். கஸ்பார் தூணைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

எனக்கு நல்ல சாரீரம், மடத்து அம்மா சொல்லியிருக்கிறார், நீங்களும் பொறாமைப்பட்டிருக்கிறீர்கள். ஆனால் அன்று அதைச் சரியாகப் பாட மனம் வரவில்லை. உங்களைப்போலவே பாடினேன். அதே உடைசல், அதே தப்பு, அதே சத்தம்.

என் இடக்கைக்குக் கீழே சிவப்பு வெறும் மரமாக இருந்தது. வலக்கைக்குக் கீழே கறுப்பு முனகியது, மதினி. அந்தத் தப்பான குரலுக்குக் கீழேயும் வந்து நின்றது.

நான் கஸ்பாரின் கையைப் பிடித்து இழுத்து அதன்மேல் வைத்தேன். இன்னொரு தரம் பாடினேன். அவர், "எங்கம்மா," என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டு இஞ்ஞாசியிடம், "சிவப்ப நானே தோணில கொண்டு போய் அந்தம்மாட்ட ஏத்திருதேம்ல," என்றார்.

இஞ்ஞாசி ஏதேதோ காரணம் சொல்கிறான். செதுக்கின மரத்துக்குப் பிடித்த சுரம் சில உண்டாம், ஒட்டுப் பலகைக்கு அந்த ஓரவஞ்சனை குறைவாம். எனக்கு அது விளங்கவில்லை. நம் கோவிலில் யார் யார் பாடுகிறார்கள் என்பது மட்டும் விளங்கும். பாதிப் பேருக்குச் சுருதி கிடையாது. அழுகிற பிள்ளை, இருமுகிற கிழவன், கடலுக்குப் போனவன் திரும்பவில்லை என்று தொண்டை அடைத்தவள். அவர்களுக்கெல்லாம் கீழே நிற்கிறதுதானே கோவிலுக்கு ஆகிற வாத்தியம்? நீங்கள் கேட்டதும் அதுதானே? நான் எனக்கு வசதியாக அர்த்தம் பண்ணிக்கொண்டேன் என்கிறீர்களா?

சனிக்கிழமை விடியக்காலம் கஸ்பார் சிவப்பைக் கம்பளியில் சுற்றி, கைப்பிள்ளையைப்போல மடியில் கிடத்திக் கப்பலுக்குக் கொண்டு போனார். இஞ்ஞாசி கரையில் நின்று அது மறைகிற வரை பார்த்தான். அவன் முதல் காதல் அது. கொழும்பில் யார் கையில் இருக்கிறதோ? நல்ல சாரீரம் உள்ளவர்கள் நடுவில் இருக்கட்டும்.

அன்று காலைப் பூசையில் மணி வாய் திறந்தது. மணியோடு மணியாக மேல்மாடத்திலிருந்து ஒரு சத்தம் இறங்கி வந்தது. பெட்டியைத் தட்டின சத்தம் இல்லை. சிவப்பில் வந்திருக்கக்கூடிய வெண்ணெயும் இல்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் கரகரப்பு. ஆனால் முழங்கால் போட்டிருந்த தரை வழியாக ஏறி நெஞ்சுக்கு வந்தது. என் பக்கத்தில் இருந்தவள், "யாரு பேரன்ளா?" என்றாள். "எனக்கும் மிக்கேலம்மாவுக்கும்," என்றேன்.

பாஸ்குத் திருநாள் கழிந்து மேலத்தெருவில் கலியாணம். அதே கறுப்பைச் சுண்டினான். பந்தலுக்கு வெளியே தெருக்கோடி வரை கேட்டது. கஸ்பார் ஓரமாக நின்று "என்ன கூத்தோ" என்று முறைத்துக்கொண்டிருந்தார். கால் பெருவிரல் மட்டும் தாளம் போட்டது. நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மதினி, ஒரு வாக்குத் தருகிறேன். உங்கள் ராட்டினத்தில் சுற்றுகிற பழந்துணியை அவிழ்த்துத் துவைத்து என் பெட்டியில் வைத்திருக்கிறேன். இனி ஒவ்வொரு பெரிய வியாழனும், மணி வாயை மூடினதும், அதில் பாதியை ராட்டினத்திலும் மறுபாதியை இந்தப் பிடிலின் தந்தியிலும் நானே சுற்றுவேன். சனிக்கிழமை நானே அவிழ்ப்பேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் அதன்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, அந்த அடியை உங்களைப்போலவே தப்பாகப் பாடுவேன். என் சாரீரத்தைப்பற்றி ஊர் என்ன சொன்னாலும் சொல்லட்டும்.

இப்படிக்கு,
எதிர்வீட்டிலிருந்து உங்களோடு சண்டை போட்டுக்கொண்டே பேரனை வளர்த்த,
அவனுக்கு இன்னொரு ஆச்சி,
உங்கள் சம்பந்தி அருளம்மாள்