செம்பொட்டல் ஜாடிகளின் அரக்கு முத்திரை

அனுப்புநர்:
பிரகதாம்பாள், சிவசாமி சம்சாரம்,
திராட்சைத் தோட்டம், மாதா கோயில் தெரு,
செம்பொட்டல் கிராமம், ஆலங்குடி தாலுகா,
புதுக்கோட்டை சமஸ்தானம்.

பெறுநர்:
மகாராஜராஜஸ்ரீ ஆப்காரி இன்ஸ்பெக்டர் அவர்கள்,
புதுக்கோட்டை.

பொருள்: தாங்கள் சனிக்கிழமையன்று எங்கள் திராட்சை ரச ஜாடிகளின் வாயில் வைத்த அரக்கு முத்திரைகளை உடனே உடைக்க அனுமதி கோருவதும், அவற்றை வைக்கச் சொல்லித் தங்களைப் படுத்திய எங்கள் ஊரின் பேரில் புகார் செய்வதும்.

கனம் பொருந்திய ஐயா அவர்களுக்கு, செம்பொட்டல் பிரகதாம்பாள் கைகூப்பி எழுதிக்கொள்வது.

புகார் மனு என்றால் யார் பேரிலாவது குற்றம் சொல்ல வேண்டும் என்று மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா கற்றுக்கொடுத்தார்கள். இந்த மனுவில் குற்றவாளி எங்கள் ஊர்தான். தங்கள் பேரில் குன்றிமணி அளவும் குற்றம் கிடையாது. காரியம் அவசரமானது. ஆனாலும் செய்த உதவிக்கு நன்றி சொல்லாமல் அடுத்த உதவி கேட்க எனக்கு வாய் கூசுகிறது. ஆகையால் முதலில் நன்றி, பிறகு புகார்.

1. எங்கள் ஊர் மண் தாங்கள் பார்த்ததுதான். செம்மண்ணும் சரளையும். கேழ்வரகும் கடலையும் போட்டுவிட்டு வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். சண்டை வந்து கப்பல் நின்றபோது, மாதா கோயில் பூசைக்குச் சீமையிலிருந்து வந்துகொண்டிருந்த திராட்சை ரசமும் நின்றுபோயிற்று. பங்குச் சாமியார் திண்டுக்கல் பக்கமிருந்து கொடிக்குச்சிகளை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து, யார் நடுகிறீர்கள் என்று கேட்டார்கள். அவர்கள் கோயில் ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிடாரியைக் கும்பிடுகிற நான்தான் கையை நீட்டினேன். என் கொல்லைக் கிணறு கோடையிலும் வற்றாது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

மறு வருஷம் சாமியார் சொன்னபடி கொடியை ஒட்டக் கத்தரித்தேன். பக்கத்து வீட்டு இருளாயி தெருவில் நின்று, "அடி ஆத்தே! பச்சக் கொடியப் போயி மொட்டையடிக்கிறாளே, இவளுக்குப் புத்தி கித்தி பெரண்டுபோச்சா?" என்று ஊரைக் கூட்டினாள். வெட்டிய கணுக்களில் கொத்துக் கொத்தாகப் பூ இறங்கியதும், அதே இருளாயிதான் முதல் ஆளாக என்னிடம் குச்சி கேட்டு வந்தாள். நானும் கொஞ்சம் கெஞ்சவிட்டுத்தான் கொடுத்தேன். பிறகு அம்பலக்காரர் பெரியகருப்பன் நட்டார். அவர் நட்டதும் ஊரே நட்டது. கோட்டைப்பட்டினத்திலிருந்து கருவாட்டுக் கழிவை வண்டி வண்டியாக எருவுக்கு இறக்கினோம். நாற்றம் பொறுக்காமல் பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடிக்காமலே திரும்பிப்போன வீடும் உண்டு. இன்று ஊருக்குக் கிழக்கே கண்ணுக்கு எட்டிய மட்டும் கல்தூணும் பந்தலும்தான். கீரமங்கலம் சந்தையில் செம்பொட்டல் பழம் என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள்.

2. சென்ற வருஷம் சாமியார் தம் கையாலேயே ஒரே ஒரு ஜாடி ரசம் போட்டார்கள். அதைச் சுற்று வட்டாரத்துச் சாமியார்கள் எல்லாம் மெச்சினார்கள். மெச்சிய வாய் மூடுவதற்குள், செம்பொட்டலில் பெண்பிள்ளைகள் சாராயம் காய்ச்சுகிறார்கள் என்று தங்கள் கச்சேரிக்கு மொட்டை மனு வந்தது. எழுதிய மகராசன் யாரோ, நன்றாக இருக்கட்டும். அவனால்தான் தாங்கள் எங்களுக்குக் கிடைத்தீர்கள்.

வேறு அதிகாரியாக இருந்தால் ஜவான்களை விட்டு ஜாடியை உடைத்துப்போட்டிருப்பார். தாங்கள் வேகாத வெயிலில் சைக்கிளை மிதித்துத் தாங்களே வந்தீர்கள். பூசைக்கு உரிய பொருள் என்று கேட்டதும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கொட்டகைக்குள் வந்தீர்கள். முகர்ந்து பார்த்து, இது வேறு, சாராயம் வேறு, லைசென்ஸ் கேட்டு எழுதுங்கள், நான் சிபாரிசு செய்கிறேன் என்றீர்கள். எத்தனையோ பேர் அப்படிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். தாங்கள் சொன்னதைச் செய்தீர்கள். பட்டிக்காட்டு ஜனங்களை நம்பி லைசென்ஸ் கொடுப்பதா என்று மேலிடத்தில் கேட்டபோது, ஜவாப்தாரி நான் என்று தாங்கள் கையெழுத்துப் போட்டதையும் கேள்விப்பட்டோம். அன்று முதல் தங்கள் பெயருக்குப் பிடாரி கோயிலில் விளக்கும் மாதா கோயிலில் மெழுகுவத்தியும் எரிகின்றன. எந்தச் சாமி காதில் விழுந்தாலும் சரிதான்.

3. இன்னொரு நன்றியும் உண்டு. இது சொந்த விஷயம், பொறுத்துக்கொள்ள வேண்டும். என் வீட்டுக்காரர் (பெயரை வாயால் சொல்வதில்லை, மேலே விலாசத்தில் எழுதியிருக்கிறேன்) ரங்கூனில் கடை வேலை பார்த்தவர்கள். ஜப்பான்காரன் குண்டு போட்டபோது காட்டு வழியாக நடந்தே வந்து சேர்ந்தார்கள். வந்தது பாதி மனுஷர்தான். கால் வீங்கி, பேச்சு அற்று, சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தார்கள். ஏர் பிடிக்க இனி முடியாது என்று வைத்தியர் கைவிரித்துவிட்டார். ஒரு நாள் பந்தல் அடியில் முக்காலியைப் போட்டு உட்காரவைத்து, கொடி கட்ட வாழைநாரைக் கையில் கொடுத்தேன். அன்றைக்குத்தான், "இந்தக் கொடி எங்கிட்டுப் போகுதுன்னு பாத்தியா?" என்று முதல் பேச்சு வந்தது. இப்போது தோட்டத்தில் அவர்கள் வைத்ததுதான் சட்டம். தாங்கள் லைசென்ஸ் வாங்கித் தந்திராவிட்டால் அந்தப் பந்தல் அன்றே பிரிந்திருக்கும். இதை நேரில் சொல்ல எனக்கு நா எழவில்லை, எழுதிவிட்டேன்.

4. இனிப் புகார். இந்த வருஷம் லைசென்ஸின்படி ஊரார் நாங்களே பழத்தைப் பிழிந்து ஜாடிகளை நிரப்பினோம். சனிக்கிழமை தாங்கள் வந்தது கொட்டகைக் கதவுக்கு மட்டும் முத்திரை வைக்கத்தான். அதுதான் விதி என்றும் சொன்னீர்கள். எங்கள் ஊரில் களத்தில் தானியத்தை அம்பாரமாகக் குவித்தால், மரக்கட்டை ஒன்றைச் சாணிப்பாலில் தோய்த்து அம்பாரத்தின் நாலு பக்கமும் குறி பதிப்போம். பதித்தவர் வந்து கலைக்கிற வரைக்கும் வேறு ஒருவரும் தொடக் கூடாது. தொட்டால் சீதேவி எழுந்து போய்விடுவாள் என்பது நம்பிக்கை. அந்த நினைப்பில்தான் பெரியகருப்பன் தங்கள் காலில் விழுந்தார். "எசமான், கதவுக்குப் போட்டாப் பத்தாதுங்க. ஒவ்வொரு சாடி வாய்க்கும் சர்க்கார் குறி விழுகணுங்க. கேப்பைக்கே குறி போடுறோம், இதுக்குப் போடாட்டி எப்புடிங்க?" என்று அவர் கேட்டதும் பெண்கள் குலவை போட்டதும் தங்களுக்கு மறந்திருக்காது.

தாங்கள் வேண்டாம் என்றுதான் சொன்னீர்கள். நாங்கள் விடவில்லை. இருளாயி பலகை மூடியைச் சுற்றிக் களிமண்ணை அப்பி மெழுகினாள். தாங்களும் எங்கள் மனம் நோகக் கூடாது என்று, கதவை விட்டுவிட்டு, அரக்கை உருக்கி ஜாடி தவறாமல் முத்திரை வைத்துக் கொடுத்தீர்கள். ரசம் பொங்கி அடங்குகிற வரைக்கும் வாயை மெல்லிய துணியால்தான் கட்ட வேண்டும், அது மூச்சு விட வேண்டும் என்று சாமியார் சொல்லியிருந்தார்கள். அவர்கள் வெயில் தாங்காமல் கொடைக்கானல் போயிருக்கிறார்கள். துணியைவிடச் சர்க்கார் அரக்கு உசத்திதானே என்று ஊரே நினைத்தது. நானும் ஊரில் ஒருத்திதான். தானியம் குவித்த இடத்தில் சும்மா கிடக்கும், திராட்சை கிடக்காது என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

5. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஜாடிகள் உறும ஆரம்பித்தன. களிமண் வெடிப்பு வழியாகப் புஸ்ஸு புஸ்ஸென்று நுரை வந்தது. பெரியகருப்பன் சூடம் கொளுத்தினார். அடங்கவில்லை. மூடி எழும்புவதைப் பார்த்துவிட்டு, தம் வீட்டு அம்மிக்கல்லைத் தூக்கிவந்து பெரிய ஜாடியின் மேல் வைத்தார். எங்கள் ஊரில் பிரச்சினை எதுவானாலும் அதன் மேல் கல்லைத் தூக்கி வைப்பதுதான் அவர் வழக்கம். மத்தியானம் அந்த ஜாடி வெடித்தது. அம்மி ஒரு பக்கம், ஓடு ஒரு பக்கம். யாருக்கும் அடி இல்லை. ஆனால் அம்பலக்காரர் தலை முதல் கால் வரை சிவப்பாக வெளியே ஓடிவந்ததைப் பார்த்து, கொலை விழுந்துவிட்டது என்று மேலத்தெரு முழுக்க அழுகை எழும்பிவிட்டது. இருளாயிதான் அவர் வேட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு, "எந்திரிங்க மாமா, ஒங்களுக்கு ஒண்ணுமில்ல. போனது பூசைக்குள்ளதுதான்" என்று சொன்னாள். சொல்லிவிட்டு அவளே உட்கார்ந்து அழுதாள்.

6. இப்போது மற்ற ஜாடிகளும் அதே நிலைமையில் இருக்கின்றன. ஓர் ஓரத்தில் அரக்கைத் தட்டிவிட்டால் போதும், காற்றுப் போய்விடும். தட்டத்தான் ஆள் இல்லை. குறியைப் பதித்தவர்தான் கலைக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். சர்க்கார் முத்திரையைத் தொட்டால் விலங்கு என்பது ஊர் பயம். இரண்டும் சேர்ந்துகொண்டு எங்களைக் கட்டிப்போட்டிருக்கின்றன. இந்த ரசமும் போய்விட்டால் கொடிகளை வெட்டிவிட்டுக் கடலையே போடுவோம் என்று நேற்றே இரண்டு வீட்டார் அரிவாளைத் தீட்டிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் நேற்று முதல் கஞ்சி குடிக்கவில்லை. ஜாடிகளுக்கு நடுவே முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார்களோ என்பதுதான் என் பயம்.

இதைவிடப் பெரிய பயமும் ஒன்று உண்டு. செம்பொட்டல் ஜாடிகள் வெடித்தன என்ற சேதி மேலிடம் போனால், ஜவாப்தாரி நான் என்று கையெழுத்துப் போட்ட தங்களைத்தான் கேட்பார்கள். நம்பினவருக்கு நாங்கள் செய்த கைம்மாறு இதுதானா?

7. ஆகையால் தயவு செய்து தாங்கள் உடனே புறப்பட்டு வர வேண்டும். வர முடியாத பட்சத்தில், முத்திரைகளை உடைக்க அனுமதி என்று இரண்டு வரி எழுதி, இதைக் கொண்டுவரும் ராக்கன் வசமே கொடுத்தனுப்ப வேண்டும். அனுமதி கிடைத்ததும் வாய்க்கு மெல்லிய துணி கட்டி, விதிப்படி கதவுக்கு மட்டும் தங்கள் முத்திரையை வாங்கிக்கொள்வோம். இனி எந்த முத்திரைக்கும் தங்கள் காலில் விழ மாட்டோம் என்று ஊர் சார்பாக உறுதி சொல்கிறேன். பெரியகருப்பனுக்கும் இதை உரக்க வாசித்துக் காட்டிவிட்டேன். தங்கள் குடும்பமும் குழந்தைகளும் எங்கள் கொடி போலத் தழைக்க வேண்டும்.

இடம்: செம்பொட்டல்
தேதி: 3-5-1943 (சுபானு வருஷம், சித்திரை மாதம்)

இப்படிக்கு,
என்றும் நன்றி மறவாத,
பிரகதாம்பாள்

பின்குறிப்பு: ராக்கன், பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற பஸ்ஸுக்காகச் சாலையில் காத்து நின்றான். அவனிடமிருந்து மனுவைத் திரும்ப வாங்கி இதை எழுதுகிறேன். பஸ் இன்னும் வரவில்லை. அதற்குள் கொட்டகையிலிருந்து என் வீட்டுக்காரர், "பிரகதா, இங்கிட்டு ஓடியா! இன்னொண்ணும் போகுது!" என்று கூப்பிட்டார்கள். ஓடிப்போய்ப் பார்த்தால் இரண்டாவது ஜாடிக்குக் கழுத்தில் கீறல் விழுந்து ரசம் கசிந்துகொண்டிருந்தது.

ஐயா, முத்திரைகளை நான் உடைத்துவிட்டேன். எல்லாவற்றையும். அரிவாளின் முதுகால் தட்டினேன். பெரியகருப்பன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். இருளாயி, "ஒண்ண எங்கிட்டக் குடுடி, ஒன்னைய மட்டுமா செயிலுக்கு விடுவேன்?" என்று கையைப் பிடித்து இழுத்தாள். கொடுக்கவில்லை. என் வீட்டுக்காரரையும் தொடவிடவில்லை. ஆகையால் தண்டனை உண்டென்றால் என் ஒருத்திக்குத்தான். கொடிகளையும் லைசென்ஸையும் ஒன்றும் செய்துவிட வேண்டாம். அரக்குத் துண்டுகளை ஒன்று விடாமல் பொறுக்கி, துணியில் முடிந்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

மனுவைத் திருப்பி எழுத ஊரில் காகிதம் இல்லை. மேலே அனுமதி என்று நான் எழுதியிருக்கும் இடத்தில் எல்லாம் மன்னிப்பு என்று திருத்தி வாசித்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன். பஸ் சத்தம் கேட்கிறது. ரசம் பிழைத்துக்கொண்டது, ஐயா. என் வீட்டுக்காரர் கஞ்சி கேட்கிறார்கள்.

பிரகதாம்பாள்