ரோசம்மா அக்காவின் தொட்டியும் உன் கால்குலேட்டரும்

என் அருமை மச்சான் குமாருக்கு,

நலமா என்று கேட்டால் சிரிப்பாய். கேட்காவிட்டால் கோபித்துக்கொள்வாய். அதனால் கேட்டுவிட்டேன், பதில் போடாதே. உனக்குக் கடிதம் எழுதுகிறேன் என்றதற்கே உன் அக்கா பயந்து கிடக்கிறாள்.

நீ போன பிறகு பட்டறைக்கு வந்த முதல் வேலையைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஊரிகம் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டு ரோசம்மா அக்காவுக்கு நாம் ஒரு தகரத் தொட்டி செய்து கொடுத்தோமே, நீளம், அகலம், உயரம் எல்லாம் மூன்றடி. மகளும் பேரப்பிள்ளைகளும் அவளோடு வந்துவிட்டார்களாம், குழாயில் தண்ணீரோ நினைத்தால்தான் வருகிறது. “அதே மாதிரி சதுரப் பெட்டியா, ரெண்டு பங்கு தண்ணி புடிக்கறாப்புல செய்டா. பின்கட்டு மூலையில நாலடிதான் இடம்” என்றாள்.

கணக்கெல்லாம் உன்னுடையது, சுத்தியல்தான் என்னுடையது. இந்தத் தொட்டி தப்பினால் பட்டறையைப் பூட்டிவிட்டு, விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போக வேண்டியதுதான். என் தொப்பைக்கு அந்த பெல்ட்டு எட்டுமா, நீயே சொல்.

இரண்டு பங்குதானே என்று மூன்றடியை ஆறடி ஆக்கித் தரையில் சாக்பீஸால் கோடு போட்டேன். உன் அக்கா எட்டிப் பார்த்தாள்.

“யோவ், இன்னா இது? தொட்டியா, நீச்சல் குளமா?”

“ரெண்டு பங்கு கேட்டாங்கடி.”

“கீழ நாலு, மேல நாலு. பழைய தொட்டி எட்டு இதுக்குள்ள உக்காரும்யா!”

அதோடு விடாமல், பீரோவில் துணி சுற்றி வைத்திருந்த உன் கால்குலேட்டரைக் கொண்டுவந்து கையில் திணித்தாள். நீ போன நாளிலிருந்து அதை யாரும் தொடவில்லை.

மும்மூன்று ஒன்பது, ஒன்பது மூன்று இருபத்தேழு. அதில் இரண்டு பங்கு ஐம்பத்துநாலு. இதுவரை நான் சூரன். வர்க்கமூலம் என்று நீ அழுத்துவாயே, அந்தக் கொக்கிப் பொத்தானை அழுத்தி ஐம்பத்துநாலைப் போட்டேன். ஏழு சொச்சம் என்றது. ஏழடித் தொட்டியா! கோபத்தில் உன்னைத் திட்டினேன், காதில் விழுந்ததா?

அப்புறம்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கொக்கிக்கு மேலே மஞ்சள் எழுத்தில் இன்னொரு கொக்கி, அதன் தலையில் பொடியாக ஒரு மூன்று. மஞ்சள் நிறத்திலேயே ஷிப்ட் என்று ஒரு பொத்தான். சுரங்கத்தை மூடியும் ஷிப்ட் நம்மை விடவில்லை பார். ஷிப்டை அழுத்தி, கொக்கியை அழுத்தி, முதலில் இருபத்தேழைப் போட்டேன். மூன்று என்றது! நம் பழைய தொட்டி! ஐம்பத்துநாலைப் போட்டேன். 3.78.

மூன்றடி ஏழெட்டு இஞ்ச். அப்படித்தான் படித்தேன். தகரத்தில் குறி வைத்து, கத்தரிக்கோலையும் கையில் எடுத்துவிட்டேன். தூசி படாமலிருக்கட்டும் என்று கால்குலேட்டர் மூடியைத் திருப்பினால், உள்பக்கம் பிளாஸ்திரி ஒட்டி உன் கையெழுத்து.

“மாமா, புள்ளிக்கு அப்பால வர்றது இஞ்ச் இல்ல. பன்னண்டால பெருக்கு. கைய வச்சுடாத.”

இதை எப்போது எழுதினாய், மச்சான்? கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னாலா? இந்தத் தப்பை நான் எப்படியும் செய்வேன் என்று அவ்வளவு நம்பிக்கையா? கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். உன் அக்கா கேட்டபோது கண்ணில் இரும்புத்தூள் என்றேன். இன்னும் வெட்டவே இல்லையே என்றாள்.

பெருக்கினேன். ஒன்பது இஞ்சும் கொஞ்சமும் வந்தது. மூன்றடி ஒன்பதரை என்று வெட்டி, ஈயத்தால் பற்ற வைத்தேன். நீ செய்கிற மாதிரியே, பழைய தொட்டியை நிரப்பி இரண்டு தடவை புதியதில் ஊற்றினோம். லைனே கூடி நின்றது. இரண்டாவது தடவையின் கடைசிச் சொம்பும் விழுந்த பிறகு, விளிம்புக்கு அரை இஞ்ச் கீழே தண்ணீர் நின்றது.

“இன்னாடா, அரை இஞ்ச் காலியா கீது?” என்றாள் ரோசம்மா அக்கா.

“அது என் மச்சான் எட்டிப் பாக்கற எடம்க்கா” என்றேன். சிரித்துக்கொண்டே சிலுவை போட்டுக்கொண்டாள்.

நாளைக்கு எதிர் லைனில் இன்னொரு தொட்டி, மூன்று பங்காம். இனி எந்தத் தகரத்தில் கத்தரிக்கோல் வைத்தாலும், மூடியைத் திருப்பி உன்னைக் கேட்டுவிட்டுத்தான் வைப்பேன். சத்தியம்.

இப்படிக்கு,
உன் அக்காவிடம் மாட்டிக்கொண்ட,
புள்ளியையும் இஞ்சையும் பிரித்துப் படிக்கப் பழகிவிட்ட
உன் மாமன்