பவுனின் பல்லில் சிவப்புப் பெயிண்ட்

என் பிரியத்துக்கும் சண்டைக்கும் பாதிப் பாதி உரிய மச்சானுக்கு,

நீ போய் எட்டு மாதமாகிறது. முதலில் உனக்கு வேண்டிய செய்தி: உன் குதிரை பவுனு உயிரோடு இருக்கிறாள். தின்கிறாள், உதைக்கிறாள், என்னைக் கண்டால் காதை மடக்குகிறாள். நடுவில் அவளைக் கொல்லப் பார்த்தது நான்தான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ இருந்தவரை ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றியவள், இப்போது சாரம் பகுதியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் சும்மா நிற்கிறாள். விற்றுவிடலாம் என்று உன் தங்கையிடம் நான்கு முறை சொன்னேன். மறைப்பானேன், ஆள்கூடப் பார்த்து வைத்திருந்தேன். செல்வியிடம் ஒரே பதில்தான். "எங்கண்ணன் சாவறப்ப என் கையில குடுத்துட்டுப் போனது. நான் இருக்கிற வரைக்கும் அது இங்கதான் நிக்கும்."

மழைக்கு முன்னால் லாயத்தைச் சரிசெய்யும் வேலை என் தலையில் விழுந்தது. நீ அடித்த பலகைகளில் கரையான் ஏறியிருந்தது. நான் யார்? துறைமுகத்தில் இருபது வருடமாக விசைப்படகுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவன். படகின் அடிப்பாகத்துக்குப் பூசும் சிவப்புப் பெயிண்ட் கொஞ்சம் மீந்திருந்தது. அதைப் பூசினால் வருடம் முழுக்க உப்புத் தண்ணீரில் கிடக்கிற மரத்தில்கூட ஒரு சிப்பி ஒட்டாது, ஒரு புழு துளைக்காது. கொல்லைக் கரையான் எம்மாத்திரம்? இரண்டு கோட் அடித்தேன். தூணைத் தட்டிப் பார்த்து எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

சிப்பி ஒட்டாததற்குக் காரணம் அதிலுள்ள விஷம். இது எனக்குத் தெரியாததல்ல.

எட்டாம் நாள் காலை பவுனு புல்லைத் தொடவில்லை. வாயில் எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. திரும்பித் திரும்பி வயிற்றைப் பார்த்தாள், பின்னங்காலால் உதைத்தாள், படுத்துப் புரண்டாள். கால்நடை டாக்டரம்மா வந்து மேலுதட்டைத் தூக்கினார். முன்பற்களின் இடுக்கெல்லாம் சிவப்பு. வாசல் குறுக்குக்கட்டையை அவள் பாதி கடித்துத் தீர்த்திருந்தாள்.

"வேலையில்லாம நிக்கிற குதிரை மரத்தைத்தான் கடிக்கும். என்ன பெயிண்ட் இது?"

சொன்னேன். அவர் உடனே பவுனுக்கு மூக்கு வழியாகக் குழாய் விட ஆரம்பித்தார். செல்விதான் என்னைப் பார்த்தாள்.

"வேணும்னே அடிச்சீங்களா?"

மச்சான், அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அந்தப் பெயிண்டைத் தொட்ட கையைக் கழுவாமல் சோற்றுப் பானைப் பக்கம் போகமாட்டேன். என் வேலைத் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும் என்று கல்யாணமான வாரமே அவளிடம் சொன்னவன் நான். அவ்வளவு தெரிந்தவன், தான் விற்க நினைத்த குதிரையின் வாய்க்கு நேராக அதைப் பூசினால் யார்தான் வேறு மாதிரி நினைப்பார்கள்? நான் மரத்தை மட்டும்தான் பார்த்தேன். இருபது வருடத்தில் எந்தப் படகும் தன்னைத்தானே கடித்துத் தின்றதில்லை. அதுதான் உண்மை, ஆனால் வாய்விட்டுச் சொன்னால் சாக்கு மாதிரி இருக்கிறது. நீ இருந்திருந்தால் நம்பியிருப்பாயா?

மூன்று நாள் கழித்து பவுனு எழுந்து நின்றாள். செல்வி என்னோடு பேசாமல் இருந்துவிடவில்லை. குழம்பு வேணுமா, ரசம் வேணுமா என்று எப்போதும் போலக் கேட்டாள். ஆனால் குதிரைக்காக நான் வாளியில் பிடித்த தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு, வேறு பிடித்துக் கொண்டுபோனாள். எனக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது.

பெயிண்ட் பட்ட மரம் ஒன்று விடாமல் பிடுங்கினேன். புகைகூட ஆகாது என்று டாக்டரம்மா சொன்னதால் அடுப்பெரிக்கவும் யாருக்கும் தரவில்லை. பிறகு பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் போய் நின்றேன். தார் எண்ணெய், கரையான் மருந்து, வார்னிஷ் என்று வரிசையாக எடுத்து வைத்தார் கடைக்காரர். ஒவ்வொன்றுக்கும், "குதிரை நக்கினா ஒண்ணும் ஆகாதா?" என்றேன்.

"இன்னாண்ணே, பெயிண்ட் கடையில வந்து நக்கலாமா நக்கலாமான்னு கேக்குற?"

கடைசியில் ஆளிவிதை எண்ணெய் வாங்கினேன். சீக்கிரம் காய மருந்து கலந்த டின்னும் இருக்கிறது. அது வேண்டாம் என்று எதுவும் கலக்காத பச்சை எண்ணெயைத் தேடி எடுத்தேன். தூண்களின் காலைச் சிமெண்ட் கட்டையில் ஏற்றிவிட்டேன், கரையானுக்கு மருந்தே வேண்டியதில்லை. சுண்ணாம்பைச் சுவரில், பவுனின் வாய் எட்டாத உயரத்துக்கு மேலேதான் அடித்தேன். புதுக் கட்டைக்கு எண்ணெய் தவிர எதுவும் காட்டவில்லை. எல்லாம் ஊறி, காய்ந்து, வாடை போகும்வரை பவுனு மரத்தடியில் நின்றாள்.

உள்ளே கட்டுகிற அன்று செல்வி கயிற்றைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றுவிட்டாள். குறுக்குக்கட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் குனிந்து அந்தக் கட்டையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நக்கினேன். நாற்பத்தெட்டு வயதில்.

"அது நக்காது. கடிக்கும்," என்றாள்.

கடித்தேன். ஒரு சிராய் ஈறில் ஏறியது. துப்பாமல் மென்று விழுங்கினேன்.

செல்வி கயிற்றை என் கையில் கொடுத்து, "தண்ணி காட்டுங்க," என்றாள். நம்புகிறேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் பவுனு குடித்து முடிக்கும்வரை அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

இன்றைக்கும் நிற்கிறாள், மச்சான். தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் பவுனைத் தெருக்கோடி வரை நடத்திக் கூட்டிப்போய் வந்து நானே தண்ணீர் காட்டுகிறேன். உன் தங்கை காவலுக்கு நிற்காமல் தன் வேலையைப் பார்க்க உள்ளே போகிற ஒரு காலை வரும்வரை இதை ஒரு நாள்கூட விடமாட்டேன். அது வந்த பிறகும் விடமாட்டேன்.

உன் தங்கையைக் கட்டியவன்,
உன் குதிரையை இனி விற்காதவன்.