நல்ல பக்கமாகப் போட்டுவிடு

அக்கா,

இன்று காலை என் மேசை முழுக்க உங்கள் தைல வாசனை. ஆய்வு முடிந்துவிட்டதால் கோப்புகளை அட்டைப் பெட்டிகளில் அடுக்கி கிடங்குக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். உங்கள் மாத்திரைக் குறிப்பேட்டை எடுத்தேன், குப்பென்று அடித்தது. தைலப் புட்டியையும் குறிப்பேட்டையும் ஒரே கைப்பையில்தான் போட்டு வைத்திருப்பீர்கள். மூடி சரியாக மூடாது, வேறு புட்டி வாங்குங்கள் என்று நானும் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன், கேட்டால்தானே. எண்ணெய் ஊறிய பக்கங்களில் பேனாவை அழுத்தி அழுத்தி நீங்கள் போட்ட டிக். ஒரு நாள்கூட விடவில்லை. பக்கவிளைவு எழுதும் இடத்தில் மட்டும் எல்லாப் பக்கத்திலும் ஒரே சொல்: இல்லை.

போன வாரம் பட்டியல் வந்தது. யார் எந்த மாத்திரை சாப்பிட்டார்கள் என்று இத்தனை வருடம் பூட்டி வைத்திருந்த பட்டியல். உங்கள் எண்ணுக்கு நேராக இருந்ததை மூன்று தடவை படித்தேன். உங்களுக்குக் கிடைத்தது வெறும் மாத்திரை, அக்கா. உள்ளே மருந்தே இல்லாத மாத்திரை. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். நீங்கள் இருக்கும்போது நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும்.

நீங்கள் முதன்முதலில் என் அறைக்கு வந்தபோது நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, பக்கக் கண்ணாடி இருக்கிற மாதிரி இடமும் வலமும் ஒரு பார்வை பார்த்தீர்கள். பஸ் ஓட்டுகிறவர் என்று நீங்கள் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு ஆறு வருடம் முன்பு மார்பில் கட்டி, அறுவை சிகிச்சை, கதிர் சிகிச்சை எல்லாம் முடித்து, மறுபடி புக்கிட் பாஞ்சாங் பஸ் இன்டர்சேஞ்சில் வண்டி எடுத்தவர் நீங்கள். பிறகு முதுகு வலி வந்தது. சீட் சரியில்லை, சீட் சரியில்லை என்று மெக்கானிக்கைத் திட்டிக்கொண்டு மாதக்கணக்கில் தைலம் தேய்த்திருக்கிறீர்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது புற்றுநோய் முதுகெலும்புக்குப் போயிருந்தது.

நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. ஆய்வில் சேருகிறவர்களுக்குப் படிவத்தைப் படித்து விளக்கி, கையெழுத்து வாங்கி, அவர்கள் கூடவே கடைசி வரை போகிறவள். தமிழ்ப் படிவம் இருபத்துச் சொச்சம் பக்கம். நிறுத்தி நிதானமாகத்தான் படித்தேன். ஹார்மோன் மாத்திரை எல்லாருக்கும் உண்டு. அதோடு பாதிப் பேருக்குப் புது மருந்து, மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். டாக்டருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. அப்படி எங்கள் யாருக்கும் தெரியாமல் இருந்தால்தான் மருந்து நிஜமாகவே வேலை செய்கிறதா என்று கண்டுபிடிக்க முடியும். எல்லாம் சொன்னேன். நீங்களும் தலையாட்டினீர்கள்.

"பஸ் லைசன்ஸ் எடுக்கக்கூட இவ்ளோ படிக்கலைலா நான்," என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டீர்கள். போட்டு முடித்த பிறகு கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மேசை மேல் சாய்ந்து, குரலைத் தாழ்த்தினீர்கள்.

"தங்கச்சி, நம்ம ஆளு நீ உள்ள இருக்கே. பார்த்து, நல்ல பக்கமா போட்டுவிடு."

இதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குப் பயிற்சியே கொடுத்திருக்கிறார்கள். என்னால் முடியாது, யாராலும் முடியாது என்று சொல்லி, முதலிலிருந்து மறுபடி விளக்க வேண்டும். ஆனால் அதுவரை கலகலவென்று பேசிக்கொண்டிருந்த உங்கள் வாய் ஓரம் லேசாக நடுங்கியதைப் பார்த்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் இடம் வேண்டுமா, வேலைக்கு மனுப் போட வேண்டுமா, உள்ளே நமக்குத் தெரிந்த ஆள் யார் என்று முதலில் விசாரித்துப் பழகிய கூட்டம் நாம். என் அம்மாவும் அப்படித்தான் கேட்டிருப்பார்.

"கவலைப்படாதீங்கக்கா, நான் இருக்கேன்ல," என்றேன்.

நீங்கள் என் கையைப் பிடித்து, "இது போதும்" என்றீர்கள். நான் கம்ப்யூட்டரில் பொத்தானை அமுக்கினேன். ஒரு எண் வந்தது. அந்த எண் போட்ட புட்டியை மருந்தகத்தில் உங்களிடம் கொடுத்தார்கள். புட்டியை வாங்கும்போது என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினீர்கள். நான் சிரித்தேன். பாவி, சிரித்தேன்.

நான்கு வாரத்துக்கு ஒரு தடவை வருவீர்கள். மிச்ச மாத்திரையை எண்ணுவேன், ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்ப்பேன். அந்தப் புது மருந்து வெள்ளை அணுக்களைக் குறைக்கும் வகை. பல பெண்களுக்கு முதல் மாதமே எண்ணிக்கை இறங்கிவிடும். மருந்தை நிறுத்தி, அளவைக் குறைத்து, மறுபடி கொடுப்போம். உங்கள் எண்ணிக்கை அசையவே இல்லை. காத்திருக்கும் இடத்தில் மற்ற பெண்களிடம், "எனக்கு ஒண்ணுமே பண்ணலை, பாருங்க. மருந்து அப்படியே ஒத்துக்கிச்சு" என்று பெருமையாகச் சொல்வீர்கள். கேட்டுக்கொண்டு நான் தாளைப் புரட்டுவேன். எனக்குத் தெரியாது என்பது உண்மை. சந்தேகம் இல்லை என்று சொன்னால் அது பொய்.

ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தேன், ஞாபகம் இருக்கிறதா? என் விடுமுறை நாளில் தேக்கா சந்தைக்கு வரச் சொல்லி அழைத்திருந்தீர்கள். மீன் வாங்கி முடித்து, மேசை பிடித்து, பிரியாணி வாங்கி வைத்து, "சாப்பிடு, ஆஸ்பத்திரில நிக்கிறவளுக்கு உடம்புல சத்தே இல்லை" என்று அதட்டினீர்கள். கடைக்காரரிடம், "என் தங்கச்சி, ஆஸ்பத்திரில பெரிய ஆளு" என்றும் அளந்துவிட்டீர்கள். அந்தக் கூச்சம் தாங்காமல்தான் சொன்னேன்.

"அக்கா, நிஜமா எனக்கு எதுவும் தெரியாது. நீங்க எந்தப் பக்கம்னு."

நீங்கள் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு விரலை உதட்டில் வைத்தீர்கள். "தெரியும் தெரியும், உங்க ரூல்ஸு. வெளிய சொன்னா உன் வேலைக்குப் பிரச்சினை. நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்லா."

நான் மறுத்தது உங்களுக்கு உறுதி சொன்ன மாதிரி ஆகிவிட்டது. அங்கேயே இரண்டாவது தடவை சொல்லியிருக்க வேண்டும். கையைப் பிடித்து நிறுத்திச் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் எலும்பில்லாத துண்டாகப் பார்த்து என் தட்டில் வைத்தீர்கள். நான் சாப்பிட்டேன்.

ஆய்வு நடுவில் இருக்கும்போதே அதே வகையில் இன்னொரு மருந்து வெளியே விற்பனைக்கு வந்தது. வந்தால் பங்கேற்பவர்களுக்குச் சொல்லியாக வேண்டும் என்பது விதி. புதுப் பக்கம் ஒன்று அச்சடித்து உங்களுக்கும் படித்துக் காட்டினேன். விருப்பப்பட்டால் ஆய்விலிருந்து விலகி அதை எடுத்துக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது. பாதியிலேயே கையை நீட்டிப் பேனாவைக் கேட்டீர்கள். "நமக்கு எதுக்குலா இது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டீர்கள். நமக்கு என்று சொன்னபோது என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் புரிந்துகொண்டேன், அக்கா. புரியாத மாதிரி கோப்பை மூடினேன்.

அடுத்த ஸ்கேனில் நோய் ஈரலுக்குப் போயிருந்தது. ஆய்விலிருந்து உங்களை எடுத்துவிட்டு ஊசி மருந்துக்கு மாற்றினார்கள். கடைசிப் புட்டியை ஒப்படைக்க வந்த நீங்கள் என்னைத் தேற்றினீர்கள். "நீ உன்னால முடிஞ்சதைச் செஞ்சே. என் உடம்பு கேக்கலை, நீ என்ன பண்ணுவே." அந்த நிலைமையில் போய் உண்மையைச் சொல்லி உங்கள் மனதைக் கலைக்கக் கூடாது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். மழைக்காலம் முடிவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். மண்டாய் தகனச் சாலைக்கு வந்த கூட்டத்தில் பாதி சீருடைக்காரர்கள். இன்டர்சேஞ்சில் ஷிஃப்ட் மாற்றி மாற்றி ஓடி வந்திருந்தார்கள். உங்களுக்கு அது பிடித்திருக்கும்.

ஆய்வின் முடிவைப் பிறகு ஒரு கூட்டத்தில் திரையில் காட்டினார்கள். இரண்டு கோடுகள். ஒரே இடத்தில் புறப்பட்டு, போகப் போகப் பிரிகின்றன. மேல் கோடு புது மருந்து சாப்பிட்டவர்கள். கீழ்க் கோடு வெறும் மாத்திரை சாப்பிட்டவர்கள், அது படிப்படியாக வேகமாக இறங்குகிறது. ஒவ்வொரு படியும் நோய் முற்றிப்போன யாரோ சிலர். மேல் கோட்டைப் பார்த்துக் கைதட்டினார்கள், தட்ட வேண்டியதுதான், நல்ல சேதிதானே. இப்போது அந்த மருந்தைச் சர்வசாதாரணமாக எழுதிக் கொடுக்கிறார்கள். அதைச் சாப்பிட்டுவிட்டுப் பேரப்பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப் போகிற பெண்களை வாரா வாரம் பார்க்கிறேன். கீழ்க் கோடு இல்லாவிட்டால் மேல் கோட்டுக்கு அர்த்தமே கிடையாது என்று எனக்குத் தெரியும். பிறருக்கு நானே விளக்குவேன். அந்தப் படிகளில் ஒன்றில் நீங்கள் இருக்கிறீர்கள் என்று தெரிந்த பிறகு அந்த விளக்கம் எனக்கு ஆறுதலாக இல்லை.

முடிவு வந்தால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற இடத்தில் உங்கள் வீட்டுக்காரர் பெயரை எழுதியிருந்தீர்கள். அண்ணனிடம் இதைப் போனில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சனிக்கிழமை ஜாலான் புசாருக்கே போனேன். அவர் இன்னும் அதே இரும்புச் சாமான் கடையில்தான் இருக்கிறார். இளைத்துவிட்டார். பக்கத்துக் கோப்பிக் கடையில் உட்கார்ந்தோம். பட்டியலில் இருந்ததைச் சொன்னேன்.

"நீதான் நல்ல பக்கமா போட்டு விட்டேன்னு சொல்லிட்டிருந்தாளேம்மா," என்றார்.

"என்னால போட முடியாதுண்ணே. யாராலயும் முடியாது. அவங்க அப்படி நினைச்சுட்டிருந்தது எனக்குத் தெரியும். நான்தான் ஒழுங்கா எடுத்துச் சொல்லலை."

அவர் கரண்டியால் கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். பிறகுதான் அதைச் சொன்னார். வெளியே வந்த அந்த இன்னொரு மருந்தைப் பற்றி யாரோ சொல்லி, உங்களுக்குத் தெரியாமல் ஒரு தனியார் டாக்டரைப் போய்ப் பார்த்திருக்கிறார். டாக்டர் எழுதித் தரத் தயாராக இருந்தாராம். அண்ணன் வீட்டுக்கு வந்து உங்களிடம் கெஞ்சியிருக்கிறார். நீங்கள் சிரித்தீர்களாம். "நான் சாப்பிடறதே அதானே. தங்கச்சி உள்ள இருந்து பார்த்துக்கிறா, உனக்கு என்ன பயம்?" என்றீர்களாம். அவரும் அதை நம்பிப் பேசாமல் இருந்துவிட்டாராம்.

எனக்கு இது தெரியாது, அக்கா. சத்தியமாகத் தெரியாது. அதைச் சாப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பீர்களா என்று கேட்டால், முழுதாகப் பிழைத்திருக்க மாட்டீர்கள். இன்னும் சில மாதம், சிலருக்கு வருடக் கணக்கில், கிடைக்கிறது. உங்களுக்குக் கிடைத்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. சாப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பே இல்லாமல் போனது என்னால். நான் அங்கேயே அழுதேன். அண்ணன் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அவர் எழுந்து, கடைக்கு நேரமாகிறது என்றார். இரண்டடி போய்த் திரும்பி நின்றார்.

"அவகிட்ட சொல்லியிருக்கலாம்மா."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு நாலு நாளாக அதே குரல்தான் காதில்.

இன்று மதியம் புது ஆய்வு ஒன்றுக்கு ஓர் அம்மா வந்தார். மார்சிலிங்கில் வீடு. பெட்டிகளை ஓரமாகத் தள்ளி அவருக்கு நாற்காலி போட்டேன். பாதிப் படிவம் படிக்கும்போதே கேட்டுவிட்டார். "நீ தமிழ்ப் பிள்ளையா இருக்கே, கொஞ்சம் பார்த்து நல்லதா போட்டுக் கொடும்மா." நான் பேனாவை எடுத்து டிராயருக்குள் வைத்தேன். "என்னால முடியாதும்மா. எனக்குத் தெரியவும் தெரியாது. உங்களுக்கு வெறும் மாத்திரை கிடைக்கலாம். கிடைச்சாலும் நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றேன். சிரிக்காமல் சொன்னேன். "இப்ப நீங்க திருப்பிச் சொல்லுங்கம்மா" என்றேன். அவர் மெல்லச் சொன்னார். வெறும் மாத்திரை கிடைக்கலாம் என்று தன் வாயால் சொல்லும்போது அவருக்கு முகம் அப்படியே வாடிவிட்டது. மகனிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு போனார். வருவாரோ மாட்டாரோ.

உங்கள் முகமும் அன்றைக்கு அப்படி வாடியிருக்க வேண்டும், அக்கா. நான் வாட விடவில்லை.