ஒற்றைப் பெயர்க்காரன்

12 ஜூன் 2024, புதன். காலை 10.40. மதுரை விமான நிலையம். வரிசையில் நாற்பத்தொரு பேர். நாற்பது பேர் உள்ளே போனார்கள். மிச்சம் நான்.

வளைகுடாவில் வேலை. விசிட் விசா கையில் இருக்கிறது. டிப்ளமோ, நான்கு வருட ஏசி மெக்கானிக் அனுபவம், மருத்துவச் சான்று, எல்லாம் சரி. பெயர்தான் தப்பாம். பாஸ்போர்ட்டில் ‘அருண்பாண்டி’ என்று மட்டும் இருக்கிறது. குடும்பப் பெயர்க் கட்டம் காலி.

“ஒத்தப் பேரா இருந்தா விசிட் விசாவுல அந்த நாட்டுக்குள்ள விட மாட்டாங்க சார்” என்றாள் கவுன்ட்டர் பெண்.

“இனிஷியல் இருக்கே. ‘க’.”

“அது எழுத்து சார். பேர் இல்ல.”

என்னோடு படித்த அழகுராஜா எனக்கு முன்னால் நின்றான். மூன்று பேப்பர் அரியர் வைத்தவன். அவன் பாஸ்போர்ட்டில் பெயருக்குப் பின்னால் அவன் தாத்தாவின் சாதிப் பட்டம். தடையில்லாமல் போனான்.

வெளியே வந்தால், சரக்கு வாசலில் மல்லிகைப் பெட்டிகளை இறக்குகிறார்கள். அதே விமானம். பூவுக்குப் போக உரிமை இருக்கிறது. ‘மதுரை மல்லி’ — அதற்கும் இரண்டு பெயர்!

வழியனுப்ப எழுமலையிலிருந்து வந்திருந்த அப்பா ஓடி வந்தார். “என்னய்யா, எதையும் மறந்துட்டியா?”

“ஆமாப்பா. ஒங்க பேர.”

அவர் சிரிக்கவில்லை.

14 ஜூன்

ஆகஸ்ட் பத்து வரை கம்பெனியில் இடத்தை வைத்திருப்பார்களாம். அதற்குள் எனக்கு ஒரு குடும்பப் பெயர் வேண்டும். சிம்மக்கல்லில் ஏஜென்ட் முத்துக்குமரனைப் போய்ப் பார்த்தேன். இதை முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டியவன் அவன்.

“குடும்பப் பேருன்னா நம்ம ஆளுக பட்டம்தான் தம்பி. போட்டா கௌரவமா இருக்கும். நீங்க என்ன ஆளுக?”

“டிப்ளமோ ஆளுக.”

“இல்ல தம்பி, நான் என்ன கேக்குறேன்னா…”

“நீங்க கேக்குறது புரியுதுண்ணே. அதுக்குத்தான் இந்தப் பதில்.”

பேருக்குப் பின்னால் எதுவும் இல்லாமல் இருப்பதற்காக இந்த நாட்டில் எத்தனை பேர் அடி வாங்கியிருப்பார்கள்? எவன் எந்தத் தெரு என்று பெயரை வைத்துக் கண்டுபிடிக்கக் கூடாது என்றுதானே வாலை வெட்டினோம்? இப்போது கம்ப்யூட்டரில் ஒரு கட்டம் சிவப்பு நட்சத்திரம் போட்டுக் கேட்கிறது: கட்டாயம் நிரப்பவும். உலகம் சுருங்கிவிட்டதாம். சுருங்கிச் சுருங்கி எங்கள் ஊர் டீக்கடை பெஞ்சு அளவுக்கு வந்துவிட்டது. அங்கேயும் முதல் கேள்வி இதுதான்.

16 ஜூன், ஞாயிறு

ஊருக்குப் போனேன். அப்பா பெயரையே குடும்பப் பெயராகப் போடலாம், சட்டப்படி சரி என்று சொன்னேன். அவர் பெயர் கருப்பு. கோழிப்பண்ணையில் வேலை. முதலாளி மகன் பால்பாண்டிக்கு என் வயது. அவனும் “ஏ கருப்பு, தண்ணி காட்டிட்டியா?” என்றுதான் கேட்பான். அப்பாவுக்கு ஐம்பத்து மூன்று.

“எம்பேரு வேணாம்யா” என்றார். “கண்டவனும் கூப்புட்டு தேஞ்சு போன பேரு. கடல் தாண்டிப் போயும் அதயா கேக்கணும்? ராஜான்னு போட்டுக்க.”

அடுப்படியிலிருந்து அம்மா: “எம்பேரப் போடேன். ஒச்சாயின்னா எவன் வாயிலயும் நொழையாது. வேலை சொல்லவே கூப்புட மாட்டாய்ங்க.”

சிரித்துவிட்டேன். அப்பா எழுந்து போய்விட்டார்.

17 ஜூன்

புதுப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. கருப்பு என்றே. அவரிடம் சொல்லவில்லை.

2 ஜூலை

அழகுராஜா குரல் செய்தி அனுப்பியிருக்கிறான். “மாப்ள, இங்க ஒரு ரூம்ல எட்டுப் பேரு. எங்க தாத்தா பட்டத்துக்குத் தனிக் கட்டில்கூடத் தரல. அதே வேலை பாக்குற வெள்ளக்காரனுக்குத் தனி வீடு. பாஸ்போர்ட்டு அட்டையப் பாத்துத்தான் சம்பளமாம்.”

ஆக, அங்கேயும் மேலத்தெரு, கீழத்தெரு உண்டு. ஏசி மெஷினுக்கு மட்டும்தான் எவன் கழற்றினான் என்று கவலையில்லை.

போகத்தான் வேண்டுமா? இங்கே கம்ப்ரசர் தூக்கினால் பாதி மாதம்தான் வேலை. போகத்தான் வேண்டும். அதுதான் ஆத்திரம்.

19 ஜூலை

பாஸ்போர்ட் வந்துவிட்டது.

5 ஆகஸ்ட், திங்கள்

ஊரில் வீட்டில் இருந்தபடி கம்பெனியோடு வீடியோ பேச்சு. செல்போனைச் சுவரில் சாய்த்து வைத்து, இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தேன். திரையில் ஒருவர் வந்தார்.

“ஹலோ, மிஸ்டர் கருப்பு?”

நான் வாயைத் திறப்பதற்குள் கொல்லையிலிருந்து சத்தம்: “இந்தா வந்துட்டேங்க!”

வாளியைப் போட்டுவிட்டு, ஈரக் கையோடு ஓடி வந்து, வாசற்படியில் குனிந்து நின்றார் அப்பா. யார் கூப்பிட்டது, எங்கிருந்து கூப்பிட்டது, எதுவும் தெரியாது. பெயர் கேட்டதும் உடம்பு ஓடி வந்துவிட்டது.

யார் அது என்று கேட்டார் திரையில் இருந்தவர்.

“அவர்தான் மிஸ்டர் கருப்பு. எங்கப்பா. நான் அருண்பாண்டி” என்றேன் இங்கிலீஷில்.

அந்த ஆள் அப்பாவைப் பார்த்து, “குட் மார்னிங் சார்” என்றார். வேலையை உறுதி செய்தார். ஒன்பதாம் தேதி பயணம்.

போனை வைத்ததும் அப்பா மெதுவாகக் கேட்டார்: “என்னயவா சாருன்னான்?”

“சாருதான். போயி வாளிய எடுத்து வைய்யி” என்றாள் அம்மா.

அப்பா வாளியை எடுக்கவில்லை. பாஸ்போர்ட்டைக் கேட்டார். படிக்கத் தெரியாது. எந்த எழுத்து தன்னுடையது என்று காட்டச் சொன்னார். காட்டினேன். திட்டவில்லை.

ஒரு மனிதனுக்கு முதல் ‘சார்’ கடல் தாண்டி வரவேண்டியிருக்கிறது. இதற்குச் சந்தோஷப்படவா?

செய்ய வேண்டியவை:

1. ஒன்பதாம் தேதி போவது.

2. அங்கே வேலைச் சட்டையில் ‘கருப்பு’ என்றுதான் தைப்பார்கள். தைக்கட்டும். ‘மிஸ்டர்’ போடாமல் கூப்பிட்டால் திரும்பக் கூடாது.

3. போகுமுன் பண்ணைக்குப் போய்ப் பால்பாண்டியிடம் சொல்வது: இனிமேல் ‘அண்ணே’ போட்டுக் கூப்பிடு. சண்டை வந்தால் வரட்டும்.

4. முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு பாஸ்போர்ட். பெயர்: கருப்பு. குடும்பப் பெயர்: சின்னான். சின்னான் தாத்தா செத்து இருபது வருடம் ஆகிறது. அவரையும் ஒருத்தன் மிஸ்டர் போட்டுக் கூப்பிடட்டும்.